கோலி உருள வேண்டும்: ஒரு சோடா பாட்டில் ரெசின் பலகைக்கு வந்த விதம்

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பம் நெடுங்காலம் சோடா கம்பெனி நடத்தியது. கடை மூடியதும் மெஷின் பழைய இரும்புக்குப் போனது, மரப்பெட்டிகள் விறகாயின. கோலி சோடா பாட்டில்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கடைக்காரரின் மகன் சென்னையில் வீடு கட்டியபோது அந்த ஒற்றைப் பாட்டிலை, திரவமாக ஊற்றினால் கல்போல் இறுகும் ரெசின் என்ற பிசினில் பலகையாக்கி வரவேற்பறைச் சுவரில் மாட்ட விரும்பி என்னிடம் கொண்டுவந்தார். பெயர் வேண்டாம் என்பதால் அவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். நான் அவரை அழைத்ததும் அப்படித்தான்.

ரெசின் வேலை செய்கிறவர்கள் பலரும் இன்று பழைய பாட்டில், கைக்கடிகாரம், கொலுசு என்று நினைவுப் பொருள்களைப் பலகையில் பதித்துத் தருகிறோம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே முறையில்தான் செய்யப்படுகின்றன. பொருளை வைத்து, மேலே தெளிவான ரெசினை ஊற்றி மூழ்கடித்துவிடுவது. இந்தப் பாட்டிலுக்கு அந்த முறை ஏன் ஆகாது, அதற்குப் பதில் என்ன செய்தோம், அது கோடையையும் மழையையும் எப்படித் தாங்கியது என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன். கண்ணாடிப் பொருளோடு ரெசின் வேலைக்கு இறங்கும் யாருக்கும் இது உதவும்.

பாட்டிலும் அதன் நிலையும்

ஹிராம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. மூடி கிடையாது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயருகே உட்புறமாக ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயு ஏற்றினால் கோலி வாய்ப்பக்கம் இறங்கி வளையத்தில் உட்காரும். நிமிர்த்திய பிறகும் உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் அதைக் கீழே விழாமல் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் சோடா மெஷினில் பாட்டிலைக் கூண்டில் மாட்டிச் சுற்றியது இதற்காகத்தான். குடிக்கும்போது கோலி ஓடிவந்து மறுபடி அடைக்காமல் இருக்கக் கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு குழிவுகள் உண்டு. அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி அங்கே தங்கி வழிவிடும். அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892-இல் காப்புரிமை பெற்ற தகர மூடி பரவிய பின் மேலைநாடுகள் இந்தப் பாட்டிலைக் கைவிட்டன. ஜப்பானில் ராமுனே என்ற பெயரிலும் இந்தியாவில் கோலி சோடாவாகவும் அது தங்கிவிட்டது. எத்தனை நுட்பமான பொறியை நாம் பெட்டிக்கடை வாசலில் பெருவிரலால் அழுத்தித் திறந்துகொண்டிருந்தோம் என்பதை இந்த வேலை முழுவதும் நான் வியந்துகொண்டே இருந்தேன்.

அண்ணாச்சி கொண்டுவந்த பாட்டில் ஏறக்குறைய 22 செ.மீ. உயரம், உடல் விட்டம் 6 செ.மீ. கண்ணாடி கடல்பச்சை. மணலில் இருக்கும் இரும்பு தரும் நிறம் அது, சாயம் அல்ல. கண்ணாடிக்குள்ளேயே சிறு காற்றுக் குமிழிகள் தெரிந்தன. வெளிப்புறத்தில் கடைக்காரரின் தலைப்பெழுத்துகளும் ஊரின் பெயரும் ஆங்கில எழுத்தில் புடைத்து நின்றன. வாயில் சின்னச் சில்லு ஒன்று பெயர்ந்திருந்தது, அதன் அடியிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல். ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. உட்புறம் முழுக்க வெள்ளைப் படிவு. கோலி மட்டும் சுதந்திரமாக இருந்தது. குலுக்கினால் கணீரென்றது.

கேட்டது என்ன

அண்ணாச்சி கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். தெளிவான ரெசின் கட்டிக்குள் ஒரு வாசனைத் திரவியப் புட்டி மிதப்பதுபோல் நின்றது. அப்படியே வேண்டும் என்றார். கூட வந்திருந்த அவருடைய அக்கா அதற்கு உடன்படவில்லை. “கோலி உருளணும் தம்பி. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்க வளந்தோம். சத்தம் போச்சுன்னா அது வெறும் பாட்டில்” என்றார். அவர் மேசையில் வைத்த இன்னொரு பொருள் மடித்துப் பழுத்த ஒரு ரசீது. அப்பாவின் கையெழுத்தில், பெட்டிக்கு இத்தனை பாட்டில், திரும்பி வந்தது இத்தனை என்ற கணக்கு. அதையும் பலகையில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆக, தேவைகள் மூன்று. புடைத்த எழுத்து தெரிய வேண்டும். கோலி உருள வேண்டும். ரசீது பக்கத்தில் இருக்க வேண்டும். மூழ்கடிக்கும் முறையால் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நேராக நிறைவேற்ற முடியாது என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

ஏன் மூழ்கடிக்கவில்லை

கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் அதைச் சுற்றியிருக்கும் காற்று. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் வளைகிறது, ஒரு பகுதி திரும்பி எதிரொளிக்கிறது. ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52. இந்த வேறுபாட்டால், நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு மேற்பரப்பிலேயே திரும்புகிறது. பாட்டிலின் விளிம்பில் ஓடும் வெள்ளிக்கோடும், புடைத்த எழுத்தின் ஓரத்து மினுக்கமும் இந்த வேறுபாட்டில் பிறந்தவைதான்.

இந்த வேலைக்கு நான் எடுக்கும் ரெசின் வகை எபாக்சி. இறுகிய எபாக்சி ரெசினின் ஒளிவிலகல் எண் பொதுவாக 1.50-க்கும் 1.57-க்கும் இடையில் இருக்கும். அதாவது கண்ணாடிக்கு வெகு அருகில். 1.55 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், கண்ணாடியும் ரெசினும் சந்திக்கும் இடத்தில் திரும்புவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான். கண்ணால் பிடிக்க முடியாத அளவு. ரெசினுக்குள் போன கண்ணாடியின் வெளிப்புறம் மறைந்துவிடும். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் உட்புறச் சுவர் மட்டும் தெரியும். பார்ப்பவருக்குத் தெரிவது பாட்டில் அல்ல, பாட்டிலின் உட்குழிவு. அப்பாவின் தலைப்பெழுத்துகள் இருப்பதோ வெளிப்புறத்தில்.

அண்ணாச்சிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது நல்லது என்று பட்டது. பழைய பாட்டில் கடையில் உடைந்த கோலி சோடா பாட்டில் ஒன்று கிடைத்தது. எழுத்துள்ள ஒரு துண்டைப் பிளாஸ்டிக் கோப்பையில் நிறுத்திப் பாதி உயரத்துக்குத் தெளிவான ரெசினை ஊற்றினேன். மேல்பாதியில் எழுத்து பளிச்சென்று இருந்தது, கீழ்ப்பாதியில் இளம்பச்சை நிழல் மட்டும். ரெசின் கைவசம் இல்லாதவர்கள் கண்ணாடித் துண்டைக் கடலை எண்ணெயில் இறக்கிப் பார்க்கலாம். எண்ணெயின் எண் சற்றுக் குறைவு என்பதால் முழுக்க மறையாது, ஆனாலும் விளிம்புகள் மங்குவது தெளிவாகத் தெரியும். அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அண்ணாச்சி, “அப்பா பேரு போயிருமா?” என்று கேட்டார். அத்தோடு மூழ்கடிக்கும் பேச்சு முடிந்தது. அவர் காட்டிய படத்தில் புட்டி நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம் அது அடர்நீலமாக இருந்தது. நிறமேறிய புட்டி நிறத்தால் தெரியும். தெளிந்த கண்ணாடிக்கு அந்தத் துணை கிடையாது.

இரண்டாவது காரணம் வெப்பம். எபாக்சி சூட்டில் விரியும் அளவு கண்ணாடியைப்போல் ஆறேழு மடங்கு. 22 செ.மீ. நீளத்தில் 25 டிகிரி வெப்பம் ஏறி இறங்கினால் இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 0.3 மி.மீ. வேறுபாடு வரும். சென்னையில் மேற்குப் பார்த்த சுவர் மே மாதத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை எளிதாகக் காணும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களுக்கு 0.3 மி.மீ. பெரிய இழுபறி. ஒன்று ரெசின் கண்ணாடியை விட்டுப் பிரிந்து உள்ளே வெள்ளித் திட்டுகளாகத் தெரியும், அல்லது கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கும் விரிசல் ஓடும். இந்தப் பாட்டிலின் வாயில் விரிசல் இருந்தது. ஊற்றும்போதே ரெசின் சூடாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்ற திரவத்தோடு சேர்ந்து இறுகும் வினை வெப்பம் உமிழும் வினை, கனமாக ஊற்றினால் இன்னும் அதிகம்.

மூன்றாவது காரணத்தை என் தொழிலில் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இறுகிய எபாக்சியைக் கண்ணாடிக்குச் சேதமில்லாமல் கரைத்து எடுக்க எளிய வழியில்லை. ரெசின் காலப்போக்கில் மஞ்சளாகும். புற ஊதாத் தடுப்பு சேர்த்தவை தாமதமாக மஞ்சளாகும், அவ்வளவுதான். ரெசின் மஞ்சளாகும் நாளில் உள்ளே மாட்டிக்கொண்ட பாட்டிலும் அதோடு சேர்ந்து போகும். நூறாண்டு தாங்கக்கூடிய கண்ணாடியின் ஆயுளை ரெசினின் ஆயுளுக்குக் கட்டிப்போடும் உரிமை நமக்கு இல்லை.

அருங்காட்சியகங்களில் கண்ணாடியைச் செப்பனிடுகிறவர்கள் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை இடைப்படலமாகப் பூசுவதுண்டு. அசிட்டோனில் கரையும் என்பதால் பின்னால் பிரித்துவிடலாம். அதைப் பூசிவிட்டு மூழ்கடிக்கலாமே என்று எண்ணிப்பார்த்தேன். ஆனால் சுற்றிலும் ரெசின் அடைத்த பிறகு அசிட்டோன் உள்ளே போக வழி எது? தவிர, அந்தப் பிசின் 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நம் கோடைக்கு அது சரிப்படாது. படலத்தின் ஒளிவிலகல் எண்ணும் 1.49 அளவில் இருப்பதால் எழுத்து மறையும் சிக்கலும் அப்படியே இருக்கும்.

ஆகவே முடிவு இது: பாட்டிலுக்கும் ரெசினுக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும். பாட்டிலின் வடிவத்தில் ரெசினில் ஒரு படுக்கை செய்து, அதில் பாட்டிலை ஒட்டாமல் கிடத்தி, பித்தளைப் பட்டையால் பிடித்துவைப்பது. எழுத்து தெரியும், விரிவதற்கு இடம் இருக்கும், வேண்டும்போது கழற்றி எடுக்கலாம், கோலி தன் பாட்டுக்கு உருளும். நான்கையும் ஒரே இடைவெளி பார்த்துக்கொள்ளும்.

கழுவியது

உட்புற வெள்ளைப் படிவு உப்புத் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, இளஞ்சூட்டில் ஊற்றி ஊறவிட்டேன். பெரும்பாலும் போய்விட்டது. கழிவறைக்கு ஊற்றும் அமிலம் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்று பலர் சொல்வார்கள். விரிசலுள்ள பழைய கண்ணாடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் அதைக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. படிவு போன பிறகும் அடியில் ஒரு மெல்லிய மூட்டம் நின்றது. அது அழுக்கு அல்ல. நெடுநாள் ஈரத்தில் கண்ணாடியின் காரச்சத்து கசிந்து மேற்பரப்பே மாறிய அடையாளம். தேய்த்தால் கண்ணாடிதான் தேயும். அதை அப்படியே விட்டேன். ரப்பர் வளையத்தையும் தொடவில்லை. புதிது போட்டால் பாட்டில் அழகாகும், ஆனால் கடையில் கடைசியாக மாட்டிய வளையம் அதுதான் என்று அக்கா சொல்லியிருந்தார்.

படுக்கை செய்தது

பலகை 60க்கு 40 செ.மீ. 12 மி.மீ. தடிமனுள்ள மூன்று பிளைவுட் பலகைகளை அடுக்கி ஒட்டினேன். பின்பலகை முழுசு. முன்னிரண்டிலும் நடுவில் 34க்கு 16 செ.மீ. அளவில் திறப்பு வெட்டப்பட்டது. அப்படி 24 மி.மீ. ஆழமுள்ள ஒரு தொட்டி கிடைத்தது. ரெசின் கனமாக நிற்பது அந்தத் தொட்டியில் மட்டும். மற்ற இடத்தில் மெல்லிய பூச்சு. பலகை முழுவதும் அதே தடிமனில் ஊற்றியிருந்தால் ஐந்து கிலோவுக்குமேல் ரெசின் தேவைப்பட்டிருக்கும், காசும் எடையும் வீண்.

அடுத்தது படுக்கையின் அச்சு. பாட்டிலை 2 மி.மீ. ஃபோம் ஷீட்டால் இறுக்கிச் சுற்றி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டேன். இந்த 2 மி.மீ.தான் பின்னால் காற்று இடைவெளியாக மாறப்போகிறது. சுற்றிய பாட்டிலின் ஒரு பக்கத்தை, 20 மி.மீ. ஆழத்துக்கு மட்டும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பதித்துக் குழி எடுத்தேன். பாதி விட்டத்தைத் தாண்டிப் பதித்தால் பாட்டில் மாட்டிக்கொள்ளும், வெளியே வராது. பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்த பின் அரக்குப் பூசி, வாஸ்லைன் தடவி, அந்தக் குழிக்குள் சிலிக்கானை ஊற்றினேன். கிடைத்தது பாட்டிலின் முதுகு வடிவத்தில் ஒரு சிலிக்கான் கட்டை. எபாக்சி சிலிக்கானில் ஒட்டாது என்பதால் இறுகிய பின் உருவி எடுத்துவிடலாம்.

சிலிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. பிளாட்டினம் வகை, டின் வகை என்று இரண்டு உண்டு. பிளாட்டினம் வகை துல்லியமானது, சுருங்காது. ஆனால் கந்தகம் பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். பழைய ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு, சிலவகைச் சிற்பக் களிமண்ணிலும் உண்டு. பாட்டிலின் மீதே நேராக அச்செடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்கு நடுவில் ஃபோமும் பிளாஸ்டரும் இருந்தன. ஆனாலும் டின் வகையையே எடுத்தேன்.

பட்டைகளைப் பிடிக்கப் பித்தளைக் குழாய் நட்டுகள் நான்கு. பாரிமுனைக் கடைகளில் இவை எல்லா அளவிலும் கிடைக்கும். தொட்டியின் அடிப்பலகையில், பாட்டிலின் கழுத்துக்கும் இடுப்புக்கும் இருபுறமும் வரும்படி நிறுத்தி ஒட்டினேன். ரெசின் உள்ளே இறங்காமல் இருக்க மேல்வாயைக் களிமண்ணால் அடைத்தேன்.

ரசீது

பாட்டிலுக்கு நேர்வது காகிதத்துக்கும் நேரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதன் இழைகளுக்கு இடையில் அடைந்திருக்கும் காற்று. ரெசின் அந்த இடைவெளிகளை நிரப்பினால், இழையின் ஒளிவிலகல் எண்ணும் ரெசினுடையதும் ஏறக்குறைய ஒன்று என்பதால், காகிதம் எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவும் தாளாகிவிடும். பின்பக்கத்து எழுத்து முன்னால் வரும். ரசீதின் இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருந்தது.

மூலத்தை ரெசினுக்குள் வைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா சற்று வருந்தினார். ஒற்றைக் கையெழுத்துப் பிரதியைத் திரும்பப் பெற முடியாத இடத்தில் போடுவது சரியல்ல என்று விளக்கியதும் ஏற்றுக்கொண்டார். மூலத்தை ஸ்கேன் செய்து, லேசர் அச்சுப் பிரதி எடுத்தோம். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் பரவும். பிரதியின் இரு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களிலும், நீர் கலந்த ஃபெவிகால் பூசி முழுக்கக் காயவைத்தேன். ஓரம் விட்டுப்போனால் ரெசின் அங்கிருந்து தாளுக்குள் ஏறும். பிரதி தொட்டிக்கு வெளியே, வலப்புறம், மெல்லிய பூச்சின் அடியில் இடம்பெற்றது. மூலம் அக்காவின் பெட்டிக்கே திரும்பிப்போனது.

ஊற்றியது

நிறத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு இருந்தால் பாட்டில் கறுத்துவிடும். பின்னால் வெள்ளை இருந்தால், பாட்டிலைக் கடந்துபோன ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்பி மறுபடியும் கண்ணாடி வழியாக வரும், பச்சை இரட்டிப்பாகத் தெரியும். அதனால் தொட்டியின் அடியில் 4 மி.மீ. வெள்ளை ரெசின். அதன்மேல் சிலிக்கான் கட்டையைச் சுற்றி 20 மி.மீ. தெளிவான ரெசின். தொட்டிக்கு வெளியே பலகை முழுவதும் கரிசல் மண்ணின் நிறம். அந்த ஊர் கரிசல் பூமி. சோடா என்றதும் குமிழி வரையலாம், நீலம் சேர்க்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கண்ணாடிக்குள்ளேயே பழைய பட்டறையின் குமிழிகள் இருக்கும்போது செயற்கைக் குமிழி தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

மரம் காற்று விடும். பகலில் சூடேறும்போது பிளைவுட்டின் துளைகளிலிருந்து காற்று வெளிவந்து ரெசினில் ஊசிக்குமிழிகளாக நிற்கும். வெப்பம் இறங்கும் நேரத்தில் மரம் அதற்கு நேர்மாறாக ரெசினை உள்ளே இழுக்கும். அதனால் முதல் அடைப்புப் பூச்சை வெயில் தாழ்ந்த பிறகு பூசினேன். ஆனால் சென்னையில் மாலைக் காற்றில் ஈரம் ஏறும். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்தால் மேற்பரப்பில் மெழுகுபோன்ற வெண்படலம் வரும். அதன்மேல் அடுத்த அடுக்கு ஊற்றினால் பிடிக்காது. அடைப்புப் பூச்சில் அந்தப் படலம் லேசாக வந்தது. வெதுவெதுப்பான நீரில் துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டேன். கனமான ஊற்றுதலைக் காலை வேளைக்கு வைத்துக்கொண்டேன்.

ரெசினைப் பற்றி எல்லாரும் சொல்வதை நான் திரும்பச் சொல்லவில்லை. இரண்டு மட்டும். ஒன்று, ரெசினுக்கும் ஹார்டனருக்கும் டப்பாவில் 2:1 என்று போட்டிருந்தால் அது அளவிலா எடையிலா என்று பார்க்க வேண்டும். ஹார்டனர் பொதுவாக இலேசானது என்பதால் இரண்டும் ஒன்றல்ல. தராசில் நிறுப்பவர்கள் எடை விகிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு, வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கலந்த ரெசினை ஊற்றி முடிக்க டப்பாவில் 25 டிகிரிக்கு எழுதிய வேலை நேரம் நம் ஊர் 35 டிகிரியில் பாதிதான். 20 மி.மீ. ஊற்றுதலுக்கு மெதுவாக இறுகும் காஸ்டிங் ரெசின் தேவை. பூச்சுக்கான ரெசினை அந்த ஆழத்தில் ஊற்றினால் கொதித்து மஞ்சளாகி வெடிப்பு விடும்.

சிலிக்கானும் ரெசினும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்று. சும்மா வைத்தால் கட்டை மிதந்து நகரும். வெள்ளை அடுக்கு இறுகியதும் கட்டையை அதன்மேல் சொட்டுச் சிலிக்கானால் ஒட்டி, மேலே குறுக்குக் கட்டை போட்டு அமர்த்திவிட்டுத்தான் தெளிவான ரெசினை ஊற்றினேன். தொட்டிக்குச் சென்ற தெளிவான ரெசின் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். மேலெழுந்த குமிழிகளுக்கு ஹீட்கன்னைத் தூரத்தில் வைத்து ஒரு வீச்சு. நன்றாக இறுகிய பின் கட்டையை ஓரத்திலிருந்து உரித்தேன். ஃபோமின் தோல்போலப் படுக்கையின் மேற்பரப்பு லேசாகச் சொரசொரத்திருந்தது. அதை மெருகேற்றவில்லை. பளபளப்பான படுக்கை பாட்டிலோடு போட்டிபோடும். மங்கலான படுக்கையில் பாட்டிலின் விளிம்பு மட்டும் ஒளிர்கிறது.

கையுறை நைட்ரைலாக இருக்க வேண்டும். இறுகாத எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க விடாது. கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைப்பவர்கள் அதைத் தோலுக்குள் ஏற்றுகிறார்கள். சோப்பும் தண்ணீரும் போதும். உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் முகமூடியும் கட்டாயம். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம் என்று என்னிடம் கற்க வருகிறவர்களிடம் முதல் பாடமாகச் சொல்கிறேன்.

மாட்டியதும் அதன் பின்னும்

ஒரு வாரம் இறுகவிட்ட பிறகு பாட்டிலைப் படுக்கையில் வைத்தோம். அடியில் மூன்று இடங்களில், அலமாரிக் கதவுக்கு ஒட்டும் தெளிவான சிலிக்கான் பொட்டுகள். பாட்டில் தொடுவது அவற்றை மட்டுமே. எழுத்துள்ள பக்கம் முன்னால் வரும்படி நிமிர்த்தினால் கழுத்தின் குழிவுகள் பக்கவாட்டில் வந்தன. அதுவும் நல்லதாயிற்று, பொறியின் இரண்டு பாகமும் ஒரே பார்வையில் தெரியும். கழுத்திலும் இடுப்பிலும் 6 மி.மீ. பித்தளைப் பட்டை, உட்புறம் ஃபெல்ட் துணி. ஸ்க்ரூவைப் பட்டை அசையாத அளவுக்கே முடுக்க வேண்டும். வாயில் விரிசல் இருப்பதால் அந்தப் பகுதியை எந்தப் பட்டையும் தொடவில்லை.

எல்லாம் சேர்ந்து எடை ஏழு கிலோவைத் தாண்டியது. பின்னால் ஒரு சாய்வுக் கட்டை, சுவரில் அதற்கு எதிர்ச் சாய்வுக் கட்டை, அது செங்கல் சுவரில் ராவல் பிளக் போட்டு நான்கு ஸ்க்ரூ. இடத்தைத் தேர்வதில் அண்ணாச்சியோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அவருக்கு வாசலைப் பார்த்த சுவர் பிடித்திருந்தது. அங்கே பிற்பகல் வெயில் நேராக விழும். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் பல 50 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், வெயில் மஞ்சளையும் விரைவுபடுத்தும். பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். அங்கே சன்னல் வெளிச்சம் சாய்வாக வருகிறது. புடைத்த எழுத்துக்குச் சாய்வெளிச்சம்தான் பொருத்தம்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு போய்ப் பார்த்தேன். வாயின் விரிசல் நீளவில்லை. தொடக்கத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறேன். ரசீதுப் பிரதியின் ஓரங்கள் வெள்ளையாகவே இருந்தன. தெளிவான ரெசினில் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் இல்லை. பட்டையின் ஒரு ஸ்க்ரூ சற்றுத் தளர்ந்திருந்தது, கோடைச் சூட்டில் ஃபெல்ட் அமுங்கியிருக்கும். படுக்கைக்கும் பாட்டிலுக்கும் நடுவே தூசி சேர்கிறது என்பது இந்த முறையின் உண்மையான குறை. மூழ்கடித்த பலகைக்கு அந்தத் தொல்லை கிடையாது. மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், அவ்வப்போது கழற்றித் துடைக்கவும் வேண்டும்.

ஆனால் கழற்ற முடிந்ததால்தான் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஆயுத பூஜைக்கு அக்கா பாட்டிலைப் பலகையிலிருந்து எடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அண்ணாச்சியின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் படைத்திருக்கிறார். அவர்கள் அப்பா சோடா மெஷினுக்குப் படைத்த நாள் அது. பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று கோலியை உருட்டிக் கேட்டார்களாம். பூஜை முடிந்ததும் துடைத்து மறுபடி படுக்கையில் வைத்துவிட்டார்கள்.

இதே முறையை எந்தப் பாட்டிலுக்குப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், தெளிவான கண்ணாடி, புடைத்த எழுத்து, உள்ளே அசையும் பாகம், பழைய விரிசல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயன்படுத்தலாம் என்பேன். காகித லேபிள் ஒட்டிய மருந்துப் புட்டி, மைப்புட்டி ஆகியவற்றுக்கும் இதுவே ஏற்றது. லேபிளுக்கு ரெசின் பட்டால் ரசீதுக்குச் சொன்னதுதான் நேரும். அடர்நிறப் புட்டி, உடைந்தாலும் வருத்தமில்லாத புட்டி என்றால் மூழ்கடித்துக்கொள்ளலாம், அது அழகாகவும் இருக்கும்.

பலகையின் பின்புறத்தில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாளை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். என்னென்ன அடுக்கு, எந்த வகை ரெசின், எந்தப் பசை, எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்ற வேண்டும், விரிசல் எந்த இடத்தில் எவ்வளவு நீளம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ரெசின் மஞ்சளாகிப் பலகையை மாற்றும் நாளில் அந்த வேலையைச் செய்யப்போகிறவர் நானாக இருக்க வேண்டியதில்லை. பிளாஸ்டர் அச்சையும் சிலிக்கான் கட்டையையும் பழந்துணியில் சுற்றி அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டேன்.